கிணற்றடியில் தேடும் குற்றவாளி

மின்கட்டணம் ஏறும்போதெல்லாம் திருவண்ணாமலை டீக்கடைகளில் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும்: "விவசாயிக்கு சும்மா கரண்ட் கொடுத்தே வாரியம் திவாலாகிப்போச்சு." இப்போது அதற்கு ஒரு வாலும் முளைத்திருக்கிறது. இலவச மின்சாரம் உள்ளவரை நிலக்கரியைக் கைவிட முடியாதாம். 2021இல் கிளாஸ்கோவில் பிரதமர் அறிவித்த 2070 நிகர பூஜ்ஜிய இலக்கும் கனவுதானாம். தொலைக்காட்சி விவாதங்களில் நிபுணர்கள் இதையே கொஞ்சம் நாகரிகமான தமிழில் சொல்கிறார்கள்.

தீர்ப்பு தப்பு.

முதலில் அந்த 'சும்மா'வைப் பார்ப்போம். செங்கம், கலசபாக்கம், கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல்லும் மல்லாட்டையும் பெரும்பாலும் கிணற்றை நம்பித்தான். சாதாரண வரிசையில் மின் இணைப்புக்குப் பதிந்தவர்கள் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்ததுண்டு. 2021 செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலின் ஒரு லட்சம் இணைப்புகள் தரும் திட்டத்தைத் தொடங்கியதே அந்த வரிசையைக் குறைக்கத்தான். பொறுக்க முடியாதவர்களுக்குத் தட்கல் உண்டு: 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு இரண்டரை லட்சம் ரூபாய், 10க்கு மூன்று லட்சம். இணைப்பு கிடைத்தாலும் பல ஆண்டுகள் மும்முனை மின்சாரம் பகலில் ஆறு மணி நேரம், இரவில் மூன்று மணி நேரம் என்று முறைவைத்துத்தான் வந்தது. நடுராத்திரியில் டார்ச்சோடு வரப்பில் நடந்து, ஸ்டார்ட்டரைப் போட்டு, மடை திருப்பிவிட்டுத் திரும்பும்போது காலடியில் பாம்பு கிடக்கலாம். வோல்டேஜ் குறைந்து காயில் கருகினால் ரீவைண்டிங் செலவும் அவர் தலையில்தான். 24 மணி நேரமும் மும்முனை என்ற அறிவிப்பு 2021இல்தான் வந்தது.

வாரியம் இதைத் தன் கைக்காசில் கொடுக்கவும் இல்லை. ஒழுங்குமுறை ஆணையம் விலை நிர்ணயிக்கிறது. அரசு ஆண்டுதோறும் பல ஆயிரம் கோடியை மானியமாகக் கட்டுகிறது.

அப்படியானால் வாரியத்துக்கு ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கடன் எங்கிருந்து வந்தது? 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர்வரை கட்டணத்தில் யாரும் கை வைக்கவில்லை. தேர்தலுக்கு அஞ்சிய அந்த எட்டு ஆண்டுகளின் சுமை மூன்றே ஆண்டுகளில் மூன்று உயர்வாக வந்து இறங்கியது. வடசென்னை மூன்றாம் நிலை அனல்மின் திட்டத்துக்கு 2016இல் உத்தரவு, திறப்பு விழா 2024 மார்ச்சில். இடைப்பட்ட காலத்துக்கு வெளியில் வாங்கிய மின்சாரமும் கடனுக்கு வட்டியும். சூரிய மின்சாரத்திலும் இதே கதைதான். கமுதியில் 648 மெகாவாட்டுக்காக அதானி குழுமத்துடன் 2015 ஜூலையில் போட்ட ஒப்பந்தத்தில் யூனிட் விலை 7 ரூபாய் 1 காசு, 25 ஆண்டுகளுக்கு. கருணாநிதியும் ராமதாஸும் அப்போதே எதிர்த்தார்கள். 2017 ஏலத்தில் தமிழ்நாட்டிலேயே விலை 3 ரூபாய் 47 காசுக்கு இறங்கியது. இந்தக் கணக்கில் செங்கத்து விவசாயி எங்கே வருகிறார்?

ஒன்றை மறைக்க வேண்டாம். நிலத்தடி நீர் கீழே போகிறது, அளவில்லாத மின்சாரத்துக்கு அதில் பங்கு உண்டு. 23 லட்சத்துக்கும் மேலான விவசாய இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை என்பதும் உண்மை. ஆனால் மீட்டர் இல்லாததால் வசதி யாருக்கு? கம்பியில் கசிவதையும் திருட்டில் போவதையும் விவசாயக் கணக்கில் ஏற்றிவிட முடிகிற துறைக்கும்தான்.

அரசியல் கட்சிகள் இதைப் பேசுவதில்லை. மானியத்தை நேரடியாக வங்கிக் கணக்கில் போடச் சொன்ன 2020 மின்சாரத் திருத்த மசோதாவை எடப்பாடி பழனிசாமியும் எதிர்த்தார், தி.மு.க.வும் எதிர்த்தது. 1970இல் மின்கட்டணப் போராட்டத்தின்போது பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச்சூட்டில் மாண்ட மாநிலத்தில் அந்த எச்சரிக்கை நியாயம்தான். எதிர்த்ததோடு இரு கட்சிகளும் நின்றுவிட்டன என்பதுதான் குறை.

நிகர பூஜ்ஜியம் வேண்டாமென்று இந்த ஊர் சொல்லப்போவதில்லை. 2024 டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலைச் சரிவு வ.உ.சி. நகர் வீட்டின்மேல் இறங்கி ஏழு பேரைப் பலிகொண்டது. ஒரு மழையை வைத்துப் பருவநிலையை அளக்க முடியாதுதான். ஆனாலும் அந்தத் தெருவில் போய், வானிலை மாறுவதெல்லாம் பணக்கார நாட்டுக் கவலை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

மாற்றத்துக்குத் தடை பம்பு செட் இல்லை; அதுதான் வழி. உச்சிவெயிலில் சூரிய மின்சாரம் மிஞ்சுகிறது. உற்பத்தியைக் குறைக்கும்படி நிலையங்களுக்கு உத்தரவிட்டதற்காக இழப்பீடு தரச் சொல்லி 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வாரியத்தைக் கண்டித்தது. அந்த உச்சிவெயில் நேரத்தில் மோட்டார் ஓடினால் பேட்டரியே வேண்டாம், தண்ணீர் தொட்டியிலும் வயலிலும் நிற்கும். மகாராஷ்டிரம் 2017இலேயே விவசாய ஃபீடர்களுக்கென்று சூரிய மின் திட்டம் தொடங்கியது. குஜராத் 2020இல் பகல்நேர விநியோகத்துக்கு மாறத் தொடங்கியது. அதே குஜராத்தின் துண்டி கிராமத்தில் விவசாயிகள் கூட்டுறவு அமைத்து, பாசனம் போக மிஞ்சும் சூரிய மின்சாரத்தை விற்கிறார்கள். அங்கே மீட்டர் காட்டுவது விவசாயிக்கு வரவேண்டிய பணத்தை. போளூரிலோ தண்டராம்பட்டிலோ ஒரு துணைமின் நிலையத்தில் இதைத் தொடங்கிப் பார்க்க டெல்லியின் எந்த மசோதாவும் தேவையில்லை.