குழு விவாதத்துக்கு முல்லைப் பெரியாறே பாடம்

பெருநகரச் சட்ட நிறுவனங்கள் சில, ஆள்தேர்வில் குழு விவாதமும் நடத்துகின்றன. ஒரு பிணக்கை ஆறேழு பேரிடம் கொடுத்து, குறித்த நேரத்துக்குள் உடன்பாடு காணச் சொல்கின்றன. அங்கே உரக்கப் பேசுவதைவிட, எதிர்த்தரப்பின் தேவையை உணர்ந்து பேசுவதே முக்கியம்.

2019-இல் தொடங்கப்பட்ட தேனி அரசு சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு இதற்கான பாடம் அருகிலேயே இருக்கிறது: 999 ஆண்டுக் குத்தகைக்கு வழிவகுத்த 1886 முல்லைப் பெரியாறு ஒப்பந்தமும், 142 அடி வரை நீர் தேக்க அனுமதித்த 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும். ஒருவர் கம்பம் பள்ளத்தாக்கின் நெல் விவசாயியாகவும், மற்றவர் அணைக்குக் கீழே வாழும் இடுக்கி மாவட்டத்தவராகவும் வாதிடட்டும். பின்னர் இடம் மாறட்டும்.

ஆங்கிலத் தயக்கத்தால் ஒதுங்கும் மாணவர்களுக்குக் கல்லூரியே வாரந்தோறும் இப்பயிற்சியை அளிக்க வேண்டும். தனியார் மையங்களுக்குக் கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுவே சமவாய்ப்பு.