துபாஷியின் நாட்குறிப்பு

சென்ற மாதம் சங்கத்து நூலகத்தில் அமெரிக்கச் சுதந்திரப் போர்க் காலத்து வணிகர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. பாஸ்டன் நகரில் ஜான் ரோ என்றொரு வணிகர் நாட்குறிப்பு எழுதி வந்தார். 1773 டிசம்பரில் தேயிலைப் பெட்டிகள் கடலில் எறியப்பட்ட மூன்று கப்பல்களுள் ஒன்று அவருடையது. அன்று தமக்கு உடல்நலமில்லை என்றும் வீட்டிலேயே தங்கியதாகவும் அவர் குறித்து வைத்தார். விவேகமான நோய்தான்! கேட்டுக்கொண்டிருந்த அன்பர் ஒருவர், "நம்மவர் எவரேனும் அவ்வாறு எழுதி வைத்ததுண்டா?" என்று வினவினார்.

உண்டு. அதுவும் ரோவுக்கு ஒரு தலைமுறை முன்னதாகவே.

சென்னைப் பெரம்பூரில் 1709-இல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை, தந்தை திருவேங்கடம் பிள்ளையுடன் இளமையிலேயே புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தவர். பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்த குடும்பம் என்றால் கரோல் பாக் வாசகருக்கு விளக்கம் வேண்டியதில்லை. அவருக்கு முன் அக்குடும்பத்துக்குப் புதுச்சேரி தந்த பரிசு இனியதன்று. உறவினரான நயினியப் பிள்ளை பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷியாயிருந்து, குற்றம் சாட்டப்பெற்று 1717-இல் சிறையிலேயே மாண்டார். அதே கம்பெனியின் வாயிலில்தான் ஆனந்தரங்கரும் நின்றார். துணி, பாக்கு, கப்பல் வாணிபம் எனப் பல துறைகளில் ஈடுபட்டார்; 'ஆனந்தப் புரவி' என்ற சொந்தக் கப்பலும் அவருக்கு இருந்தது.

1736 செப்டம்பரில் அவர் எழுதத் தொடங்கினார். கண்டதையும் கேட்டதையும், கப்பல்கள் வருவதையும் போவதையும் தமிழிலேயே பதிவு செய்தார். பேச்சு வழக்கும் தெலுங்கும் பாரசீகமும் பிரெஞ்சும் கலந்த தமிழ் அது. பண்டிதர் முகம் சுளிக்கக்கூடும். எனினும் 18-ஆம் நூற்றாண்டின் கடைவீதியைக் காதாலேயே கேட்க வேண்டுமானால் அதைத்தான் படிக்க வேண்டும்.

1747-இல் கவர்னர் துய்ப்ளேக்ஸ் அவரைத் தலைமைத் துபாஷியாக்கினார். புதுச்சேரியிலே பிறந்து தமிழ் அறிந்திருந்த துய்ப்ளேக்ஸின் மனைவியோ அவருக்கு ஓயாத தலைவலி. இதன் நடுவே 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டனர். அந்தச் செப்டம்பரில் பிரெஞ்சு அதிகாரிகளின் ஆணையால் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. நகரத்துத் தமிழர்களின் தலைவர் என்ற பெயர் அவருக்கு; அதைத் தடுக்கும் வல்லமை மட்டும் இல்லை. மக்களின் அழுகையையும் தம் மனவேதனையையும் எழுதினார். மறுநாளும் அலுவலுக்குச் சென்றார். இதைக் கோழைத்தனம் என்பாருண்டு. பதவியும் வாணிபமும் குடும்பமும் ஒரே பிடியில் சிக்கியிருந்த மனிதரை அவ்வளவு எளிதில் எடைபோட எனக்கு மனம் வரவில்லை. குறைந்தபட்சம், அவர் உடல்நலமில்லை என்று எழுதவில்லை.

1754-இல் துய்ப்ளேக்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். அடுத்த கவர்னரின் காலத்தில், 1756-இல், பிள்ளையின் பதவியும் போயிற்று. நோயும் வந்தது. மீண்டும் ஆங்கிலேயர் முற்றுகை. 1761 ஜனவரி 16-ஆம் நாள் புதுச்சேரி சரணடைந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு அவர் கண்ணை மூடினார்.

ஏடுகள் வீட்டிலேயே கிடந்தன. 1846-இல் கலுவா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக அவை வெளிவந்தன. புதுச்சேரி செல்லும் அன்பர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாமல், பெரிய கடைவீதிப் பக்கம் இன்றும் நிற்கும் அவர் மாளிகையையும் பார்த்து வரலாம்.