கடல்வழி உறவும் காலத்தின் தேவையும்

பாரதத்தின் தென்கோடி குமரிமுனை என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மையில் அது பெரிய நிக்கோபார்த் தீவிலுள்ள இந்திரா முனையாகும். அங்கிருந்து சென்னை 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்க, இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணமோ ஏறத்தாழ 90 கடல் மைல் தொலைவிலேயே உள்ளது. இவ்விடைவெளியே மலாக்கா நீரிணைக்குச் செல்லும் மேலைவாயில். கீழையாசிய நாடுகளுக்குரிய எண்ணெயும் சரக்கும் பெருமளவில் இவ்வழியே செல்வதால், வல்லரசுகளின் பார்வை இக்கடல்மீது படிந்துள்ளது.

தென்சீனக் கடலில் சீனா வரைந்துகொண்ட கோடு, நத்துனாத் தீவுகளை அடுத்த இந்தோனேசியப் பொருளாதார மண்டலத்திலும் குறுக்கிடுகிறது. இந்தியப் பெருங்கடலில் சீனக் கடற்படையின் நடமாட்டம் நமக்கும் கவலையளிக்கிறது. இச்சூழலில் 2018 மே திங்களில் இந்தியாவும் இந்தோனேசியாவும் தம் உறவை ‘விரிவான உத்திசார் கூட்டுறவு’ என்னும் நிலைக்கு உயர்த்தின. இருநாட்டுக் கடற்படைகளும் 2002 முதல் எல்லைக்கடலில் ஒருங்கிணைந்து ரோந்து செல்கின்றன. இவை வரவேற்கத்தக்கனவே.

ஆயினும், பிறிதொரு நாட்டின்மீதுள்ள அச்சம் மட்டுமே இரு மக்களாட்சி நாடுகளைப் பிணைத்து வைக்குமா? தலைவர்களின் தோழமையேனும் போதுமா?

டச்சு ஆதிக்கத்தினின்று விடுபட இந்தோனேசியா போராடியபோது, அதற்குத் துணையாக 1949 சனவரியில் நேரு புதுதில்லியில் மாநாடு கூட்டினார். 1950இல் நம் முதற் குடியரசு நாள் விழாவிற்குச் சுகர்ணோ சிறப்பு விருந்தினராக வந்தார். 1955இல் பாண்டுங் மாநாட்டில் இருவரும் தோளோடு தோள் நின்றனர். இத்துணை நெருக்கமும் பத்தே ஆண்டுகளில் கலைந்தது. 1965 போரில் இந்தோனேசியா பாகிஸ்தான் பக்கம் நின்றது.

சமயமே அதற்குக் காரணம் என்பாரும் உளர். அது பொருந்தாது. விடுதலைப் போரில் இந்தியாவை நண்பனாகக் கொண்டதும் அதே முஸ்லிம் பெரும்பான்மை நாடுதானே! 2025 குடியரசு நாளில் நம் விருந்தினராக வந்த பிரபோவோவும் அந்நாட்டின் அதிபர்தாமே! அன்று உறவு தலைவர்களின் நட்பில் நின்றது. மக்களின் நலனில் வேரூன்றவில்லை. அதுவே குறை.

வேரூன்றிய உறவு எத்தகையது என்பதை நம் வரலாறே காட்டும். 1025 அளவில் இராசேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிசயத்தின்மீது சென்று மீண்டது. ஆனால் சுமத்திராவின் பாருஸ் அருகே கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ‘திசையாயிரத்து ஐந்நூற்றுவர்’ என்னும் வணிகக் குழுவினர் அங்கு நிலைபெற்றிருந்ததைக் கூறுகிறது. படை மீண்டது, வணிகம் நிலைத்தது. நம் கப்பல் அவர்தம் மொழியில் ‘காப்பால்’ ஆயிற்று. கடை ‘கெடாய்’ ஆயிற்று. பெட்டி ‘பெத்தி’ ஆயிற்று.

அண்மைக்காலச் சான்றும் ஒன்றுண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆச்சேயை அழித்த ஆழிப்பேரலைதான் நாகப்பட்டினத்தையும் அழித்தது. அத்துயருக்குப்பின், ஆஸ்திரேலியாவுடன் இவ்விரு நாடுகளும் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்குச் சுனாமி எச்சரிக்கை வழங்கும் பொறுப்பை 2011 முதல் ஏற்றுள்ளன. எவரையும் பகைக்காமல் எல்லாரையும் காக்கும் இவ்வொத்துழைப்பே நாம் விரும்பும் கூட்டுறவின் இலக்கணம்.

மக்களாட்சியில் ஆட்சியாளர் மாறுவர். மீனவரும் வணிகரும் மாணவரும் மாறார். ஆச்சேயின் சபாங் துறைமுகமும் அந்தமான் துறைமுகங்களும் வணிகத்தால் இணையட்டும். நம் கடலோரக் கல்லூரிகளில் இந்தோனேசிய மொழி கற்பிக்கப்படட்டும். பாருஸ் கல்வெட்டைப் பயில நம் தமிழ் மாணவர் அங்குச் செல்லட்டும். போர்க்கப்பல்கள் காவல் புரியலாம். உறவை வளர்ப்பவர் மக்களே. இதனை இருநாட்டு அரசுகளும் உணர வேண்டும் என்பதே நம் விழைவு.