நட்ட கணக்கும் நின்ற கணக்கும்

ஆண்டுதோறும் ஜூலை முதல் வாரத்தில் நாடெங்கும் வனமகோத்சவம் கொண்டாடப்படுகிறது. அந்நாளைய மத்திய உணவு, வேளாண் அமைச்சர் கே.எம். முன்ஷி 1950ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த விழா இது. வனத்துறை நாற்றங்கால்களும் ஊராட்சிகளும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் கோடிக்கணக்கான மரக்கன்றுகளை இலவசமாகவோ சலுகை விலையிலோ வழங்கி வருகின்றன. 2016 ஜூலை 11 அன்று உத்தரப் பிரதேசத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 5 கோடி கன்றுகள் நடப்பட்டன. இம்முயற்சிகள் பாராட்டுக்குரியவை. ஆயினும், நட்ட கணக்கை நாம் பெருமையுடன் சொல்கிறோம். மூன்றாண்டுகளுக்குப் பின் நின்ற கணக்கை அரிதாகவே கேட்கிறோம்.

மரம் வளர்ப்பதற்கு ஆகும் செலவில் கன்றின் விலை மிகச் சிறிய பகுதியே. குழி எடுக்கும் கூலி, முதல் இரண்டு கோடைகளில் ஊற்ற வேண்டிய நீர், ஆடுமாடுகளிடமிருந்து காக்கும் வேலி, பட்டுப்போன இடத்தில் மறுநடவு ஆகியவையே உழவரின் கையைக் கடிப்பவை. கன்றை மட்டும் மலிவாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் திட்டம், எளிதான நாளில் துணைநின்று கடினமான நாள்களில் கைவிடும் திட்டமாகிவிடுகிறது. ஆகவே, அரசின் உதவி கன்றோடு முடிந்துவிடாமல், அது பிழைத்து நிற்கும் வரை தொடர வேண்டும் என்பதே என் கருத்து.

இதற்கு முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. கர்நாடக வனத்துறை 2011-12ஆம் ஆண்டில் ‘கிருஷி அரண்ய புரோத்சாஹ யோஜனே’ என்னும் வேளாண் காடு ஊக்கத் திட்டத்தைத் தொடங்கியது. உழவர்கள் வனத்துறை நாற்றங்காலில் சலுகை விலைக்குக் கன்றுகளைப் பெற்றுத் தம் நிலத்தில் நடுகின்றனர். பிழைத்து நிற்கும் ஒவ்வொரு கன்றுக்கும் ஊக்கத்தொகை தரப்படுகிறது. பின்னர் உயர்த்தப்பட்ட விகிதப்படி, முதலாண்டு முடிவில் 35 ரூபாய், இரண்டாமாண்டில் 40 ரூபாய், மூன்றாமாண்டில் 50 ரூபாய் என மொத்தம் 125 ரூபாய். பட்டுப்போன கன்றுக்குப் பணம் இல்லை. விதை போட்டவருக்கன்றி, விளைவித்தவருக்கே பரிசு என்னும் நேர்மை இதில் இருக்கிறது.

ஒவ்வொரு நிலமாகச் சென்று மரங்களை எண்ணுவது பெரும் வேலை என்றும், செலவு கூடும் என்றும் சிலர் கூறலாம். உண்மைதான். ஆனால், எண்ணாமல் செலவிடும் பணம் எங்கே போயிற்று என்பதே தெரியாது. எண்ணிக் கொடுக்கும் பணமோ உயிருள்ள மரத்துக்கு மட்டுமே போகும். எண்ணும் பணி முடிந்ததும் தொகை தாமதமின்றி உழவரின் வங்கிக் கணக்கில் சேர்வதும் இன்றியமையாதது. காலம் கடந்து வரும் ஊக்கத்தொகை, கோடையில் நீர் ஊற்றப் பயன்படாது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. நாற்றங்காலுக்குச் செல்வோர் பெரும்பாலும் தேக்கு, மகாகனி போன்ற விலைமதிப்புள்ள மரங்களையே கேட்கின்றனர். புதர்ச்செடிகளை எவரும் கேட்பதில்லை. ஆகவே அவை போதிய அளவில் வளர்க்கப்படுவதும் இல்லை. மண்ணைப் பிடித்து நிறுத்துவதிலும், சிறு பறவைகளுக்கும் தேனீக்களுக்கும் புகலிடம் தருவதிலும் புதர்களின் பங்கு பெரிது. நொச்சியையும் ஆடாதோடையையும் ஆடுகள் பொதுவாக மேய்வதில்லை. வரப்பு ஓரத்தில் அவற்றை நெருக்கமாக நட்டால், உள்ளே வளரும் மரக்கன்றுகளுக்கு அவையே உயிர்வேலி. முள்கம்பிக்கு ஆகும் செலவில் ஒரு பகுதி மிஞ்சும். மலிவு விலைப் பட்டியலில் இச்செடிகளுக்கும் உரிய இடம் தரப்பட வேண்டும்.

நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாகவோ மரங்கள் அடர்ந்ததாகவோ இருக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கை இலக்கு வகுத்தது. அரசு வனங்களால் மட்டும் அதை எட்ட இயலாது; தனியார் நிலங்களும் கைகொடுத்தாக வேண்டும். இதை உணர்ந்தே 2014இல் தேசிய வேளாண் காடு வளர்ப்புக் கொள்கை வகுக்கப்பட்டது. கொள்கை இருக்கிறது, நாற்றங்கால்கள் இருக்கின்றன, வழிகாட்ட ஒரு மாநிலத்தின் அனுபவமும் இருக்கிறது. பிற மாநிலங்களும் பிழைத்த மரத்துக்கு ஊக்கத்தொகை அளிக்க முன்வர வேண்டும்.

சேமிப்பின் இயல்பை நன்கறிந்தவர்கள் இவ்விதழின் வாசகர்கள். கணக்குத் தொடங்கிய நாளில் எவரும் செல்வந்தராவதில்லை. மாதந்தோறும் விடாமல் கட்டும் தவணையே தொகையைப் பெருக்குகிறது. ஊரில் நிலம் உள்ளவர்கள் இவ்வாண்டு மழைக்கு முன்பே அருகிலுள்ள வனத்துறை நாற்றங்காலை அணுகலாம். நூறு கன்றுகளைப் பெற்றுத் தொண்ணூறை இழப்பதினும், கோடையில் நீரூற்ற முடிந்த இருபதை மட்டும் வாங்கி இருபதையும் காப்பது மேல்.