தையலும் பூவேலையும் ஒரே பொறியிலா?

கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உறவினர் ஊருக்குப் புறப்படுமுன், "என்ன கொண்டு வர?" என்று கேட்பது வழக்கம். தையல் தெரிந்த பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்பொழுது இக்கேள்விக்குப் புதிய விடையொன்று கிடைக்கிறது. தைக்கவும் வேண்டும், தானாகவே பூவும் போடவேண்டும், அப்படியொரு மெசின் வேண்டும் என்கிறார்கள். கைத்தொலைபேசியிற் படம் பார்த்து மயங்கிக் கேட்பவர்களும் உளர். அதை வைத்து நாலு காசு உழைக்கலாம் என்று கணக்குப் போட்டுக் கேட்பவர்களும் உளர். எவர் கேட்டாலும் போகும் பணம் ஒன்றுதான். கூட்டுப் பொறியொன்றின் விலைக்குச் சாதாரணத் தையற் பொறிகள் பல வாங்கலாம். ஆதலின் இவ்வாரம் இதைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

சாதாரணத் தையலின்போது ஊசி நின்ற இடத்திலேயே மேலும் கீழும் போய் வருகிறது. ஊசித் தட்டின் கீழுள்ள பற்கள் துணியைப் பின்னே தள்ளுகின்றன. பூவேலையின்போதோ அப்பற்கள் தாழ்ந்து ஒதுங்கிவிடும். துணி ஒரு சட்டத்திலே இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கும். அச்சட்டத்தைப் பொறியின் புயம் இடம் வலமாகவும் முன் பின்னாகவும் அசைத்துக்கொடுக்கும். கணித மாணவர்கள் வரைபுத்தாளிலே இரண்டு அச்சுகளைக் கீறிப் புள்ளிகளைக் குறிக்கிறார்கள் அல்லவா? ஊசி குத்தும் ஒவ்வோர் இடமும் அத்தகைய ஒரு புள்ளியே. நம் அன்னையர் காலத்திலும் மெசினிலே பூப் போட்டவர்கள் இருந்தார்கள். அழுத்தும் பாதத்தைக் கழற்றி, பற்களை மறைத்து, வட்டச் சட்டத்திற் பூட்டிய துணியைக் கையாலேயே ஊசியின் கீழ் நகர்த்திப் பூவும் இலையும் எடுத்தார்கள். அந்தக் கையின் இடத்தை இன்று கணினி பிடித்திருக்கிறது. ஜப்பானிலே ஜனோமி நிறுவனம் வீட்டுப் பாவனைக்கான கணினிப் பூத்தையற் பொறியை வெளியிட்டது 1990 இல்.

கூட்டுப் பொறிக்கு ஊசி ஒன்றே என்பதைப் பலர் வாங்கியபின்பே உணர்கிறார்கள். அது பூப் போடும்போது தைக்காது. தைக்கும்போது பூப் போடாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்ளங்கையளவான பூக்கொத்து ஒன்றுக்கு 12,000 குத்துகள் என்று கொள்வோம். நிமிடத்துக்கு 400 குத்து என்னும் வேகத்திலே அதற்கு அரைமணி நேரம் செல்லும். நூலின் நிறம் மாறுந்தோறும் பொறி நின்றுவிடும். நாமே போய்ப் புதிய நூலைக் கோக்கவேண்டும். நூல் அறுந்தாலும் அப்படித்தான். இரண்டு கைக்கும் முதுகுக்குமாக ஆறு பூக்கள் என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அதுவரையிலே பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பாடசாலைச் சட்டை வெட்டியபடியே கிடக்கும். ஆவணி மாதத்துக் கலியாணங்களுக்கும் தீபாவளிக்கும் ஓடர் எடுத்துத் தைக்கும் பெண்ணுக்கு இந்த மூன்று மணி நேரம் சிறிய விடயமன்று.

அப்படியானால் என்ன செய்வது? நம் வீட்டுக்குள்ளேயே ஒருமுறை பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பலவற்றிலே, விறாந்தையின் ஓரத்திலோ அறைக்குள்ளோ, இரும்புக் கால்களோடு ஒரு சிங்கர் மெசின் இருக்கும். சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877 இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1824 இல் உடுவிலிலே அமெரிக்க மிஷனார் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியில் எழுத்தோடு தையலும் கற்பிக்கப்பட்டது. ஊசி பிடிக்கத் தெரிந்த கைகள் இங்கே பொறிக்கு முன்பே ஆயத்தமாக இருந்தன. எந்திரங்களைக் கடிந்த காந்தியடிகளும் 1924 இல் நடந்த ஓர் உரையாடலிலே தையற் பொறிக்கு மட்டும் விலக்களித்தார். மனைவி கையாலே தைத்துக் களைப்பதைக் கண்டு, அன்பினால் சிங்கர் அதை ஆக்கினார் என்று அவர் நம்பினார். (சிங்கரின் உண்மையான இல்லறம் அவ்வளவு சிறப்புடையதன்று, அது வேறு கதை.)

அந்தக் கால் மெசினின் அருமையை 1990 க்குப் பின்னரே நாம் முழுதும் அறிந்தோம். போரினாலே தீபகற்பத்துக்கு மின்சாரம் நின்றுபோயிற்று. ஆண்டுக்கணக்காக, ஜாம் போத்தலுக்குள் திரி வைத்த விளக்கின் ஒளியிலே மெசின் மிதித்துப் பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மார் எத்தனையோ பேர். இன்று புதுப் பொறி வரப்போகிறது என்றதும் அதைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடுவோரைக் காண நமக்குப் பொறுக்கவில்லை. பழம்பெருமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த மெசின் வீட்டிலே இருந்தால், கூட்டுப் பொறியின் பாதி ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது என்பதே கணக்கு.

ஆகவே, ஓடும் நிலையிலே ஒரு தையற் பொறி உள்ள வீட்டார் பூவேலைக்கு மட்டுமான பொறியை வாங்குவதே நலம் என்பது நம் கருத்து. இதனால் இரண்டு வேலையும் ஒரே நேரத்திலே நடக்கும். பூத்தைக்கும் பரப்பும் பெரிதாகக் கிடைக்கக்கூடும். அண்மையாண்டுகளில் வெளிவந்தவற்றுள், பிறதர் நிறுவனத்தின் எஸ்.இ. 600 என்னும் கூட்டுப் பொறிக்குப் பூத்தையற் பரப்பு 4 அங்குலச் சதுரமே. அதே நிறுவனத்தின் பீ.இ. 800 பூவேலை மட்டுமே செய்யும். அதன் பரப்பு 5 அங்குலத்துக்கு 7 அங்குலம். கூட்டுப் பொறியிலும் பெரிய பரப்பு உள்ளவை உண்டு. விலையும் அதற்கேற்ப ஏறும். மெசினே இல்லாத வீட்டாருக்கும், வெள்ளவத்தை மாடிவீட்டிலே ஒரு மேசை வைக்கவும் இடம் தேடுவோருக்கும், தம் பிள்ளைகளின் உடுப்புகளை மட்டும் தைப்போருக்கும் கூட்டுப் பொறி பொருந்தும்.

பரப்பின் அளவை அற்பமாக எண்ணலாகாது. சேலைச் சட்டையின் கைவிளிம்பு 10 அங்குலத்துக்கு மேலே வரும். 4 அங்குலச் சட்டத்திலே அதை மூன்று முறை கழற்றிப் பூட்டித் தைக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் கொடி முன்னைய கொடியோடு மயிரிழை பிசகாமற் சேரவேண்டும். பழகிய கைக்கே இது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

மணப்பெண்ணின் சட்டைக்கு ஆரி வேலை செய்யலாம் என்ற எண்ணத்தோடு இப்பொறியை வாங்க நினைப்போர் சற்று நிற்கவேண்டும். ஆரி என்பது கொக்கி ஊசியாலே சங்கிலித் தையல் இட்டு, மணியும் கண்ணாடியும் சேர்த்துச் செய்யும் கைவேலை. வீட்டுப் பூத்தையற் பொறி மேல்நூலையும் பொபின் நூலையும் பிணைத்தே தைக்கும், மணி கோக்காது. அது போடும் பூ அழகுதான், ஆயினும் ஆரிக்குக் கொடுக்கும் கூலியை அதற்கு எவரும் கொடார். பிள்ளையின் பெயரைத் தமிழிலே சட்டையிற் பொறிக்க விரும்புவோருக்கும் ஒரு சொல். வழக்கமாக விற்பனைக்கு வரும் பொறிகளுக்குள் ஆங்கில எழுத்துகள் உண்டு. தமிழ் எழுத்துகளை எதிர்பார்க்க முடியாது. அவற்றை வேறாகக் கணினியில் ஆக்கி, பொறி ஏற்கும் கோப்பு வகையிலே கொடுக்கவேண்டும். பிறதருக்கு ஒரு வகை, ஜனோமிக்கு வேறொரு வகை. கோப்பை ஆக்கும் மென்பொருளும் வேறு செலவு.

இனி மின்சாரம். கனடாவிலே வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ற்று. நம் நாட்டிலே 230. ரொறன்ரோவிலே வாங்கிய பொறியை இங்கே நேரே சுவரிற் செருகினால் அன்றே அதன் ஆயுள் முடிந்துவிடக்கூடும். பொறியிலே ஒட்டியுள்ள தகட்டை வாசிக்கவேண்டும். 120 என்று மட்டும் இருந்தால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் மாற்றி ஒன்று வாங்கவேண்டும். இலண்டன் பொறிக்கு இத்தொல்லை இல்லை. 2022 மார்ச்சு இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரையும் மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திரார். பூவின் நடுவிலே மின் போய்த் திரும்பினால், விட்ட குத்திலிருந்து தொடரும் வசதி உண்டோ என்று முதலிலே கேட்கவேண்டும். அவ்வசதி இல்லாவிட்டால் பட்டுத் துணியும் போய்விடும்.

பழுதானால் யார் திருத்துவார் என்பதும் பெரிய கேள்வியே. கால் மெசினின் பட்டி அறுந்தால் சந்தியிலே மாற்றலாம்; எண்ணெயை வீட்டிலேயே விடலாம். கணினிப் பொறிகளிலே சிலவற்றுக்கு வீட்டார் எண்ணெய் விடலாகாது என்று கைநூலே கூறும். வெளிநாட்டிலே கொடுத்த உத்தரவாதப் பத்திரம் பெரும்பாலும் இங்கே செல்லாது. ஆகவே, உறவினரிடம் பொறியாகக் கேட்பதிலும் அதற்கான பணத்தைப் பெற்று, திருத்தும் ஆளும் உதிரிப்பாகமும் உள்ள விற்பனையாளரிடம் உள்நாட்டிலேயே வாங்குவது நல்லது. சிறிது விலை கூடினாலும் பரவாயில்லை. அனுப்புகிறவர் மனம் நோகாமல் இதைச் சொல்லும் சாமர்த்தியம் அவரவர் வீட்டைப் பொறுத்தது.

நூலுக்கும் துணியின் அடியில் வைக்கும் தாங்குதாளுக்கும் மாதந்தோறும் ஆகும் செலவை வாங்குமுன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்து மெல்லிய பட்டுத் துண்டொன்றும் இழுபடும் பெனியன் துணியொன்றும் கொண்டுபோங்கள். கடைக்காரர் ஆயத்தமாக வைத்திருக்கும் தடித்த வெள்ளைப் பருத்தியிலே எந்தப் பொறியும் அழகாகவே தைக்கும். நீங்கள் கொண்டுபோன துண்டுகளிலே தைத்துக் காட்டச் சொல்லுங்கள். தைத்து முடிந்ததும் துணியைத் திருப்பிப் பின்புறத்தையும் பாருங்கள்.