ஹுமாயூன் கல்லறை: பெயரில்லாச் சமாதிகளின் வரலாற்றை எப்படிச் சொல்வது?

புது தில்லி: தில்லி ஹுமாயூன் கல்லறை வளாகத்தில் முகலாய அரச குடும்பத்தினர் 100-க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். ஆனால், பெரும்பாலான சமாதிகளில் பெயர் இல்லை. 1659-இல் ஒளரங்கசீப்பின் ஆணையால் கொல்லப்பட்ட இளவரசர் தாரா ஷிகோவின் சமாதி எது என்பதை அறிய, மத்திய கலாசார அமைச்சகம் 2020-இல் 7 பேர் குழுவை அமைத்தது.

இத்தகைய இடத்தில் பார்வையாளர்களுக்கு எதை, எவ்வாறு விளக்குவது?

இதற்கு ஒரு பகுதி விடையாக, இந்தியத் தொல்லியல் துறையும் ஆகா கான் கலாசார அறக்கட்டளையும் உருவாக்கிய அருங்காட்சியகம் 2024 ஜூலை 29-இல் திறக்கப்பட்டது. 1993 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக உள்ள கல்லறையின் தோற்றத்தைப் புதிய கட்டடம் மறைக்காதவாறு, பழைய படிக்கிணறுகளைப் போலத் தரைமட்டத்துக்குக் கீழே இது அமைந்துள்ளது. 2014-இல் சூறைக்காற்றில் சேதமடைந்த குவிமாடத்தின் மூலக் கலசத்தை இங்கு அருகில் நின்று காணலாம்.

இடம் சார்ந்த சிக்கல் இவ்வாறு தீர்ந்தது. உள்ளடக்கம் சார்ந்த சிக்கல் அவ்வளவு எளிதன்று. கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் 1857 செப்டம்பரில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டது இங்குதான். 1947 பிரிவினையின்போது, பாகிஸ்தான் செல்லக் காத்திருந்த முஸ்லிம் அகதிகள் தங்கிய முகாமும் இதுவே. கட்டடக் கலையை மட்டுமே விளக்கினால், இந்த வரலாறு பார்வையாளருக்குத் தெரியாமலே போகும்.

பாரம்பரியத் தலங்களை விளக்குவது குறித்து இகோமோஸ் அமைப்பு 2008-இல் ஏற்ற சாசனம், விளக்கம் ஆதாரங்களின் அடிப்படையில் அமைய வேண்டும். அனைத்துக் காலகட்டங்களின் பங்களிப்பையும் மதிக்க வேண்டும். பார்வையாளர்களின் மொழிப் பன்மையைப் பிரதிபலிக்க வேண்டும் என்கிறது.

இதன்படி, உறுதியாகத் தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவதுதான் நேர்மை. சான்றின்றி ஒரு சமாதிக்குப் பெயர்ப் பலகை வைத்தால், நாளடைவில் அதுவே வரலாறாகிவிடும்.

மொழியும் முக்கியம். அரசமைப்புச் சட்டத்தின் 8-ஆவது அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. மதுரையிலிருந்து வரும் குடும்பம் கைப்பேசியில் தமிழிலேயே விளக்கம் கேட்க வழிசெய்வது இன்றைய தொழில்நுட்பத்தில் கடினமன்று. காண வருவோருக்குப் புரியும் மொழியில் சொல்லப்படும்போதே, பாதுகாக்கப்பட்ட சின்னம் அனைவருக்கும் உரியதாகிறது.