அறியாமல் சொன்ன சொல்லுக்கும் பொறுப்புண்டு

 

சில ஆண்டுகளுக்கு முன், அஸர் தொழுகைக்குப் பின் நடைபெறும் எங்கள் மக்தபுக்கு எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஓத வந்தான். கூரிய அறிவுடையவன், எனினும் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் அமரமாட்டான். ஒரு வசனத்தை ஓதத் தொடங்குவான். நடுவே மின்விசிறியைப் பார்ப்பான். பக்கத்தில் இருப்பவனின் தொப்பியைத் தட்டிவிடுவான். பிறகு எங்கே விட்டோம் என்று தெரியாமல் விழிப்பான். அவனைப் பலமுறை கடிந்திருக்கிறேன். மற்றப் பிள்ளைகளின் முன்னே எழுப்பி நிற்க வைத்துமிருக்கிறேன்.

ஒரு நாள் அவனுடைய தந்தை வந்து, "ஹஜ்ரத், இவனுக்கு ஏ.டி.ஹெச்.டி. இருப்பதாக மருத்துவர் சொல்கிறார். தினமும் காலையில் ஒரு மாத்திரை கொடுக்கிறோம்" என்றார். மருந்தின் பெயர் மெத்தில்ஃபெனிடேட். கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். 'போதைப்பொருள் தடுப்புச் சட்டம்' என்ற சொற்கள் கண்ணில் பட்டன. அதற்குமேல் நான் படிக்கவில்லை. "இது போதை வகையைச் சேர்ந்ததாயிற்றே! பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? நிறுத்திவிடுங்கள், ஓதிப் பார்ப்போம்" என்றேன். ஹஜ்ரத் சொல்லிவிட்டார் என்று அவரும் அன்றே நிறுத்திவிட்டார்.

இரண்டு மாதங்கள் சென்றன. பள்ளிக்கூடத்திலிருந்து அன்றாடம் புகார் வரத் தொடங்கியது. விளையாட்டில் அவனைச் சேர்த்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. ஒரு மாலை, எல்லாரும் சென்ற பின் அவன் மட்டும் என் அருகில் நின்றான். "ஹஜ்ரத், என் தலைக்குள்ள ஷைத்தான் இருக்கானா?" என்று கேட்டான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்தால், நேரும் தீங்கிற்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் அமைந்த நபிமொழி ஒன்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அதனை நான் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். போலி மருத்துவர்களைப் பற்றியது என்றே எண்ணியிருந்தேன். மருந்தைக் கொடுப்பது மட்டுமன்று, நிறுத்தச் சொல்வதும் மருத்துவமே என்பதை அன்றுதான் உணர்ந்தேன். என்னிடம் இருப்பது மார்க்கக் கல்விப் பட்டயம், மருத்துவப் பட்டமன்று.

மறுவாரம் அந்தத் தந்தையுடன் நானும் மனநல மருத்துவரிடம் சென்று, நடந்ததை ஒளிக்காமல் கூறினேன். அவர் பொறுமையுடன் விளக்கினார். இவ்வகை மருந்துகள் குழந்தைகளுக்குப் பயன்படுவதை 1937-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பிராட்லி பதிவு செய்துள்ளார். மெத்தில்ஃபெனிடேட் 1944-இல் உருவாக்கப்பட்டது. கவனத்தையும் தன்னடக்கத்தையும் ஆளும் மூளைப் பகுதிகளில் டோபமைன், நார்அட்ரினலின் ஆகியவற்றின் செயலை அது கூட்டுகிறது. தகுந்த அளவில் கொடுக்கும்போது பிள்ளைக்குப் போதை ஏறுவதில்லை. சிதறிய கவனம் ஓரளவு ஒன்றுகூடுகிறது.

மது ஏன் விலக்கப்பட்டது? அறிவை மறைப்பதால். இங்கோ அறிவு தன் வேலையைச் செய்வதற்கு மருந்து துணை நிற்கிறது. சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதாலேயே ஒரு பொருள் நோயாளிக்கு ஹராம் ஆகிவிடாது. புற்றுநோயாளியின் வலி தணிக்கும் மார்ஃபினும் அதே 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது. அந்த நோயாளியைப் போதைக்காரர் என்று நாம் அழைப்பதில்லையே!

அவர் கூறிய இன்னொன்று என்னை வெட்கமுறச் செய்தது. சாதாரண மாத்திரையின் பலன் ஏறத்தாழ நான்கு மணி நேரமே நிற்கும். நீண்ட நேரம் செயல்படும் வகையாயினும் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம்தான். காலை ஏழு மணிக்கு விழுங்கிய சாதாரண மாத்திரை நண்பகலிலேயே ஓய்ந்துவிடும். மக்தபுக்கு வருவதோ மருந்தின் துணையற்ற, நாளெல்லாம் களைத்த பிள்ளை! அவனைப் பார்த்துத்தான் "மருந்தால் பயனில்லை" என்று நாம் தீர்ப்புச் சொல்கிறோம்.

இவ்வளவு கூறுவதால், துள்ளித் திரியும் பிள்ளைகளுக்கெல்லாம் மாத்திரை கொடுங்கள் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். துடிப்பு குழந்தையின் இயல்பு. நபி (ஸல்) அவர்கள் ஸஜ்தாவில் இருக்கையில் பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ள, அப்பிள்ளை இறங்கும்வரை ஸஜ்தாவை நீட்டினார்கள் அல்லவா? பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கி, குறைந்தது ஆறு மாதங்கள் நீடித்து, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பிள்ளையின் வாழ்வைக் குலைத்தால்தான் அது நோயெனக் கொள்ளப்படும். காது மந்தம், உறக்கக் குறைவு, வீட்டில் நிலவும் அச்சம் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரக்கூடும். ஆகவே ஐந்து நிமிடப் பார்வையில் எழுதப்படும் சீட்டை ஏற்க வேண்டியதில்லை. ஆறு வயதுக்கு உட்பட்டோருக்குப் பொதுவாகப் பெற்றோருக்கான பயிற்சியே முதல் மருத்துவம். மருந்து தொடங்கினால் பசி குறையலாம், உறக்கம் தள்ளிப்போகலாம், வளர்ச்சி சற்று மந்தப்படலாம். உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை மருத்துவர் தொடர்ந்து பார்க்க வேண்டும். குடும்பத்தில் இதயநோய் இருப்பின் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இம்மருந்து ஓர் அமானிதம். நம் நாட்டில் இது மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் உள்ளது. விற்பதற்குத் தனி உரிமம் வேண்டும். பூட்டி வைக்க வேண்டும். சீட்டு இரு பிரதிகளாக இருக்க வேண்டும். ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டாண்டுகள் பாதுகாக்க வேண்டும். எனவே சிற்றூர்க் கடைகளில் இது கிடைப்பதரிது. அந்தத் தந்தை ஒவ்வொரு முறையும் பேருந்தேறி நகரத்திற்குச் செல்கிறார். கடைக்காரர் கேள்வி கேட்டால் அதனை அவமதிப்பாகக் கருதாதீர்கள். அவர் தம் அமானிதத்தைக் காக்கிறார். சீட்டின்றி 'தெரிந்தவர்' என்பதற்காகக் கொடுப்பவரே அதை முறிக்கிறார்.

வீட்டிலும் அவ்வாறே. மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், எண்ணி வையுங்கள். தேர்வுக்குப் படிக்கும் அண்ணனுக்கோ, கல்லூரி செல்லும் உறவினருக்கோ 'ஒன்றே ஒன்று' என்று கொடுப்பது மார்க்கத்திலும் தவறு, சட்டத்திலும் குற்றம். உம்ராவுக்கோ வளைகுடா நாடுகளுக்கோ பயணம் செய்வோர், அந்நாட்டின் முன் அனுமதி பெறாமல் இத்தகைய மருந்தை எடுத்துச் செல்லாதீர்கள். பருவமடைந்து நோன்பு கடமையானவர்கள், மாத்திரையின் நேரத்தை ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஓதிப் பார்ப்பதையும் துஆவையும் விட்டுவிடச் சொல்லவில்லை. அவற்றை மருந்தின் பகைவராக்க வேண்டாம் என்றே சொல்கிறேன்.

என் சக ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். மருந்து செய்வது பாதி வேலை. மீதி நம் கையில் உள்ளது. அந்தச் சிறுவனுக்கு இப்போது அரைப் பக்கப் பாடத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுக்கிறேன். நின்றுகொண்டு ஓதினால் நன்றாக ஓதுகிறான் என்பதால், நின்றே ஓதட்டும் என விட்டுவிட்டேன். மருத்துவர் கேட்டால், நான் கண்டதை மட்டும் எழுதித் தருகிறேன். தீர்ப்பை அவரிடமே விட்டுவிடுகிறேன். பசி குறைந்தபோது மருத்துவர் அளவைக் குறைத்தார். இன்றும் சில நாட்கள் அவனுக்குக் கடினமாகவே கழிகின்றன. ஆயினும் சென்ற ஆண்டு அம்ம ஜுஸ்வு முழுவதையும் மனனமாக ஒப்புவித்தான், அல்ஹம்துலில்லாஹ்.

அன்று அவன் கேட்ட கேள்விக்கு, "இல்லை மகனே, அப்படி நினைக்க வைத்தது என் தவறு" என்று பிற்பாடு பதில் சொன்னேன். ஒரு சிறுவனிடம் மன்னிப்புக் கேட்பது ஓர் உஸ்தாதுக்கு இழிவன்று. மறுமையில் அவன் என் மீது வழக்குத் தொடுப்பதே இழிவு. அறியாதவற்றில் நாவைக் காக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.